தோட்டத்து எல்லை மறிக்காத பாட்டு

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் ஏ14 வீதியில், தள்ளாடியைத் தாண்டி முருங்கனுக்கு முன்னால் வருகிறது உயிலங்குளம். இரண்டு பக்கமும் வயல். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கொக்குகள் நிற்கும். ஓடாத மாதங்களில் புழுதியும் பனையும்தான். வெளியூர்க்காரர் பலருக்கு இந்தப் பெயர் பழக்கமானது 2002க்குப் பிந்திய சமாதான காலத்தில். இராணுவத்தின் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் இடையே மக்கள் கடந்துபோன சோதனைச் சாவடிகளில் ஒன்று இங்கே இருந்தது. பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய்? இந்த வீதிக்கு அந்தக் கேள்விகள் புதியவை அல்ல.

2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து மக்கள் கூட்டம் ஒன்று கால்நடையாகப் புறப்பட்டது. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவதை நினைவுகூர்ந்து, மூதாதையர் நடந்த தடத்தில் தாங்களும் நடந்து, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தார்கள். வீடு, காணி, நியாயமான சம்பளம், சம உரிமை ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். பேசாலை, மன்னார், முருங்கன், மடு வழியே போகும் அந்தத் தடத்தில் உயிலங்குளமும் இருக்கிறது. அவர்கள் கடந்துபோன நாட்களில் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இந்த நடையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருப்பது எதனால்? கப்பல் கணக்கும் துரைமாரின் கடிதங்களும் தலைகளை எண்ணிச் சொல்கின்றன. நடந்தவர்களுக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்வது பாட்டு மட்டுமே.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து தோணிகளில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் இதே வழியில் திரும்பியவர்கள் ஏராளம். தண்ணீர் கிடைக்காத வழி, காய்ச்சல், வாந்திபேதி, காட்டு விலங்கு. நோயில் விழுந்தவரை விட்டுவிட்டுக் கங்காணியின் கூட்டம் மேலே போனது. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் மாண்டிருப்பார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. அந்தத் தொகையைப் பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் இருக்கலாம். மாண்டவர்களுக்கு நடுகல் இல்லை, கல்லறை இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

பாட்டு இருக்கிறது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் திரட்டி நூலாக்கிய நாட்டார் பாடல்களில் அந்த நடையின் நினைவு கிடக்கிறது. ஊரை விட்டது, தாயை விட்டது, கடல் கடந்தது, ஆசை காட்டி அழைத்து வந்த கங்காணி, கண்டிச் சீமையின் குளிர், அட்டைக் கடி, கொழுந்துக் கூடையின் பாரம் எல்லாம் அவற்றில் உண்டு. தோட்டத்தின் பெயர் மாறினாலும் துக்கத்தின் மெட்டு மாறுவதில்லை. தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி ஆகிய மூன்றுக்குள்ளும் ஒரு நூற்றாண்டு அடங்கிவிடுகிறது.

அந்தப் பாட்டுகளில் ஒன்றை மட்டும் காணமுடியாது: கோரிக்கை. கங்காணியை ஏசுவார்கள், துரையைக் கேலி செய்வார்கள், விதியை நோவார்கள், மாமன் மகனைக் கூப்பிடுவார்கள். சட்டசபையிடமும் மந்திரியிடமும் அவை எதுவும் கேட்பதில்லை. ஒப்பாரியிலிருந்து உரிமைக் குரலுக்குப் பாட்டு திரும்பிய இடத்தில் ஒரு பெண் நிற்கிறார். அவர் பெயர் மீனாட்சியம்மை.

அவரைப் பலரும் கோ. நடேசய்யரின் மனைவி என்றே அறிவர். நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர், 1920 வாக்கில் இலங்கையில் நிலைகொண்டு, 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1925இல் சட்ட நிரூபண சபைக்குப் போனார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்டத் தொழிலாளரை முதன்முதலில் தொழிற்சங்கமாக்கியவர் என்ற இடம் அவருக்கு உண்டு. அவரைப் பற்றிய செய்திகளைத் தேடிச் சேர்த்து 1988இல் நூலாக்கிய சாரல்நாடனும், பெண்களின் போராட்ட வரலாற்றை எழுதிய குமாரி ஜயவர்தனவும் இல்லாவிட்டால் மீனாட்சியம்மையை இன்று நாம் முற்றாக மறந்திருப்போம். பத்திரிகைப் பணியில் கணவருக்குச் சமமாக உழைத்தவர் அவர். பெண் கல்வி, பெண்களுக்கு வாக்குரிமை என்று ‘தேசபக்த’னில் எழுதினார். 1920களின் இலங்கையில், அதுவும் தமிழில், இது சிறிய காரியமல்ல.

ஆனால் அவருடைய பெரிய காரியம் மேடையில் நடந்தது. தொழிலாளர் கூட்டங்களில் அவர் பாடினார். பாரதியின் பாட்டுகளைப் பாடினார், தாமே கட்டிய பாட்டுகளையும் பாடினார். இதன் கனம் விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்துத் தோட்டம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

அன்று தோட்டம் என்பது தனியார் நிலம். துரையின் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். தொழிலாளி தங்கும் லயம், நடக்கும் பாதை, கும்பிடும் கோயில், புதைக்கும் இடம் எல்லாம் அந்த நிலத்துக்குள் இருந்தன. எனவே வெளியார் ஒருவர் அவரிடம் போய் “உன் சம்பளத்தில் இவ்வளவு பிடிக்கிறார்களே, ஏன் என்று கேட்டாயா?” என்று சொல்லவே வழியிருக்கவில்லை. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து நிலைமையைப் பார்த்தார் என்ற செய்தி மலையகத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. பற்றுச்சீட்டு முறையில், ‘துண்டு’ என்ற அந்தக் காகிதத்தில் கடன் எழுதப்பட்ட தொழிலாளியைக் கங்காணி இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய வழக்கம் 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. பத்திரிகையைத் தோட்ட எல்லையில் பறிக்கலாம், துண்டுப் பிரசுரத்தைக் கிழிக்கலாம். சந்தைக்கு வந்த ஒரு பெண் கேட்டு, மனத்தில் வாங்கி, திரும்பும் வழியில் முணுமுணுத்துக்கொண்டு போன பாட்டை எந்தக் காவற்காரன் சோதனை போட்டுப் பிடிப்பான்? பாட்டு போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பேச்சாளரால் போகமுடியவில்லை. மீனாட்சியம்மையின் கலையை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: அது மேடை அலங்காரமல்ல, எல்லை கடக்கும் வாகனம்.

1940இல் அவருடைய பாட்டுப் புத்தகம் அச்சில் வந்தது: ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’. தலைப்பைப் பாருங்கள். மாலை, மஞ்சரி, அந்தாதி என்று வழக்கமான பெயர் எதுவுமில்லை. அறிக்கைக்கு வைக்கும் தலைப்பைப் பாட்டுக்கு வைத்திருக்கிறார். இலங்கையில் இந்தியரின் நிலை மோசமாகிக்கொண்டு போகிறது, அதை மக்களிடையே பரப்பப் பாட்டு வடிவத்தைத் தெரிந்துகொண்டேன் என்பது முன்னுரையில் அவர் சொல்லும் சாரம். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் மலிவான தாளில் சில பக்கங்களே இருக்கும். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி போடுவார்கள். சுரக்குறிப்பு தேவையில்லை, வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு தடவை பாடிக் காட்டினால் லயம் முழுவதும் பாடிவிடும். ரயிலிலும் சந்தையிலும் இப்படிப் பாட்டுப் புத்தகம் விற்றுப் பாடித் திரிந்தவர்களின் பெரிய வரிசையே மலையகத்தில் உண்டு. ஜில் சுல்தான், வி. எஸ். கோவிந்தசாமித் தேவர் போன்றோர் அந்த வரிசையைச் சேர்ந்தவர்கள். அதில் பெண்ணாக, அரசியலை நேராகப் பாடியவர் என்ற தனியிடம் மீனாட்சியம்மைக்கு உரியது.

ஏன் 1940? டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு மட்டும் அது நிபந்தனைகளோடு வந்தது. நிரந்தரமாகக் குடியிருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். அந்த நிபந்தனைகளையும் தாண்டி அவர்களின் வாக்குகள் பெருகத் தொடங்கியதும் தெற்கின் அரசியல்வாதிகளுக்கு அச்சம் வந்தது. ஒரு காலத்தில் நடேசய்யரோடு தோளுரசி நின்ற ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் இயக்கமே இந்தியருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கும் முடிவு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரி 10 அன்று ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். வேலை போகும், வாக்கு போகும், கேட்டால் உயிரும் போகும் என்ற நிலை. அந்த ஆண்டில்தான் அந்தப் பாட்டுப் புத்தகம் வந்தது. எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்தவர் அவர். உரிமைகளை மறந்து உறங்கினால் இருப்பதும் பறிபோகும் என்று அவர் பாடி எட்டே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது.

இங்கே கொஞ்சம் நின்று அவருடைய எல்லையையும் சொல்ல வேண்டும். போற்றுவது மட்டும் ஆய்வாகாது.

தோட்டத்துக்கென்று ஓர் ஒலி உண்டு. அது தப்பு. விடியற்காலை இருட்டில் ஆட்களை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்படித்தார்கள். சாவுக்கும் அதே தப்பு, மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும் அதே தப்பு, கோயில் திருவிழாவுக்கும் அதே தப்பு. அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி, வட்டத்தைத் தீக்கு முன்னால் திருப்பித் திருப்பிப் பிடித்துச் சூடேற்றுவார்கள். குளிரில் தொய்ந்த தோல் மெல்ல மெல்ல இறுகும். விரலால் சுண்டிப் பார்த்து, மந்தமாக விழுந்த ஒலி கணீரென்று திரும்பியதும் ஒரு கையில் மெல்லிய குச்சியும் மறு கையில் தடித்த குச்சியுமாக அடி தொடங்கும். மலைக் குளிரில் இதை இடையிடையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அடித்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியார். வேலைக்கு விரட்டவும் அவர்கள் கை, தெய்வத்தை அழைக்கவும் அவர்கள் கை. ஆனால் மேடையில் மரியாதைக்குரிய இசை என்று வந்தபோது தப்புக்கு இடம் இருக்கவில்லை. மீனாட்சியம்மையின் பாட்டு படித்தவரின் தமிழில், தேசிய இயக்க மேடைகளில் புழங்கிய மெட்டுகளில் நடந்தது. லயத்தின் தெம்மாங்கிலிருந்தும் தப்பிலிருந்தும் அது எழவில்லை. தொழிலாளிக்காகப் பாடியவர் அவர்; தொழிலாளியின் வாயால் பாடியவர் என்று சொல்லமுடியாது.

இன்னொன்று, ‘இந்தியர்’ என்ற சொல். அவர் பாட்டின் நாயகர் இந்தியர். அன்று அந்தச் சொல்லில் பலம் இருந்தது. பெரிய நாடு ஒன்று பின்னால் நிற்கிறது என்ற தைரியம் அதில் இருந்தது. பிற்பாடு அதே சொல்லை எடுத்துத்தான் “நீ இந்தியன், உன் நாட்டுக்குப் போ” என்றார்கள். இன்றைய தலைமுறை ‘மலையகத் தமிழர்’ என்று தன்னை அழைத்துக்கொள்வது சும்மா வந்த மாற்றமல்ல. 1940இல் நின்றவரிடம் 2023இன் சொல்லை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றாலும், அவர் பாட்டை இன்று எடுத்துப் பாடுபவர் அந்தச் சொல் நடந்துவந்த தூரத்தைத் தெரிந்துகொண்டு பாட வேண்டும்.

யாருடைய மொழியில், யாருடைய இசையில் பாடுவது என்ற இதே முடிச்சோடு உலகின் மறுபக்கத்தில் போராடுபவர்களை இங்கே நினைக்கலாம். வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்கள் ஏரியில் விளையும் காட்டரிசியை மனோமின் என்பார்கள். ஓடத்தில் போய், கழியால் கதிரைத் தட்டி ஓடத்துக்குள் உதிர்ப்பார்கள். உணவு அது, வழிபாடும் அதுதான். 1837 முதல் ஒப்பந்தங்களில் நிலத்தை இழந்தாலும் வேட்டையாட, மீன்பிடிக்க, அரிசி சேர்க்க உரிமை வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1999இல். அவர்களுடைய சடங்குகளுக்கும் பறைப் பாட்டுக்கும் அந்நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 1978இல்தான் வந்தது. மினசோட்டாவின் லீச் லேக் ஒதுக்கீட்டு நிலத்தைச் சேர்ந்த ஆனி ஹம்ப்ரி கிட்டாரோடு, பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடுகிறவர். தம் மக்களின் கதையையும் நீரையும் நிலத்தையும் பாடுகிறவர். கருவியும் மொழியும் வெளியிலிருந்து வந்தவை, பாட்டின் உயிர் உள்ளிருந்து வந்தது. பறிபோன மொழியில் பாடமுடியாத தலைமுறைக்கு அதுவும் ஒரு வழி. அவர்கள் மண்ணின் ஆதிக்குடிகள், மலையக மக்களோ கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். வேறுபாடு பெரிது. ஆயினும் ஒரே கேள்வி இருவரிடமும் கேட்கப்பட்டது: நீ இந்த நாட்டுக்காரனா? அமெரிக்கா தன் ஆதிக்குடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்த ஆண்டு 1924. இங்கே ‘தேசபக்தன்’ பிறந்த அதே ஆண்டு.

அவ்வளவு தூரம் போகாமலும் பார்க்கலாம். தடைக்குள் பாட்டு வாழ்வதற்கு மன்னாரிலேயே சான்று இருக்கிறது. 1658இல் மன்னாரைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். குருமாருக்கு இடம் கொடுத்தவர்களைத் தண்டித்தார்கள். அந்தக் காலத்தில் கோவாவிலிருந்து வந்து மறைந்து பணிசெய்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் இன்றும் இராகமிட்டுப் பாடுகிறார்கள். குருவும் கோயிலும் இல்லாத காலத்தில் விசுவாசம் தொண்டையில் குடியிருந்தது. உயிலங்குளத்தைச் சுற்றிய கிராமங்களில் தவக்கால இரவுகளில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தடைக்குள் பாட்டு என்ன செய்யும் என்பதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

மீனாட்சியம்மையின் பாட்டுக்குப் பிறகு என்ன நடந்தது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது; பாட்டுகளைத் திரட்டிய வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். நடேசய்யர் அந்தத் தேர்தலில் தோற்று, அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். மீனாட்சியம்மை பொதுவாழ்விலிருந்து விலகிப் போனார். அடுத்த ஆண்டு குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிபோயின. 1952இல் பாராளுமன்றத்தில் அந்த மக்களுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மக்களைக் கேட்கவில்லை.

அப்போது மறுபடியும் இந்தப் பாதை. கோப்பிக் காலத்தில் கால்நடையாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ரயிலில் திரும்பினார்கள். அட்டனிலும் நானுஓயாவிலும் ஏறி, மதவாச்சி, மடு வீதி, முருங்கன், மன்னார் வழியே தலைமன்னார் இறங்குதுறைக்கு. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கு. மலையக மக்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள். இந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுதார்கள். உயிரோடிருப்பவருக்கு ஒப்பாரி. கோரிக்கையாக வளர்ந்த பாட்டு, கேட்பதற்கு எவரும் இல்லாதபோது தாய்வீட்டுக்கு, ஒப்பாரிக்கே திரும்பிவிட்டது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வாட்டுவது இந்தத் திருப்பம்தான்.

எல்லோரும் கப்பலேறவில்லை. எழுபதுகளின் பஞ்சத்திலும் 1977, 1983 கலவரங்களிலும் மலையை விட்டு ஓடி வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் எங்கள் மன்னார்ப் பெருநிலத்திலும் குடியேறினார்கள். மூதாதையர் இறங்கி நடந்த அதே மண்ணில், எதிர்த் திசையில் வந்து குடில் போட்டார்கள். காட்டை வெட்டினார்கள், பிறர் வயலில் கூலிக்கு நட்டார்கள், போரில் மறுபடி மறுபடி இடம்பெயர்ந்தார்கள். உள்ளூர்க்காரராகிய நாம் அவர்களை எப்படி நடத்தினோம் என்பதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல்லை நம் வாயிலிருந்து கேட்டுத்தான் அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நீ இந்த நாட்டுக்காரனா என்று பொலிசும் துரையும் மந்திரியும் கேட்ட கேள்வியை நாமும் வேறு தொனியில் கேட்டிருக்கிறோம்.

அப்படி வந்தவர்களில் ஒரு பாட்டியை இந்தப் பக்கத்தில் சந்தித்தேன். கொழுந்து எடுத்த கை, பிறகு நாற்று நட்ட கை. பழைய பாட்டு ஒன்று பாடச் சொன்னேன். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், பாட்டு வரவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து போய்ச் சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினார். மூன்றாவது வீச்சில் பாட்டு வந்தது. இடையில் கல் பொறுக்க நிறுத்தியபோது பாட்டும் நின்றது. “கை சும்மா இருந்தா பாட்டு எப்புடிங்க தம்பி வரும்?” என்றார். மலையின் குளிரைப் பற்றிய பாட்டை மன்னார் வெயிலில் கேட்டேன். அது யார் கட்டியது என்று கேட்டதற்கு, அம்மாயி, அதாவது அம்மம்மா, பாடுவார் என்றார். அம்மாயியின் பெயரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “அம்மாயின்னுதான் கூப்புடுவோம்” என்றார்.

அந்தப் பதிலோடு திரும்பி வந்த பிறகுதான் மீனாட்சியம்மையின் அச்சுப் புத்தகத்தின் பெறுமதி எனக்கு முழுதாக விளங்கியது. அவர் பாட்டு லயத்துப் பாட்டைவிட உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். அம்மாயியின் பாட்டில் உள்ள உயிர் எந்த மேடைப் பாட்டிலும் இல்லை. ஆனால் அட்டையில் பெயரும் ஆண்டும் தலைப்பும் இருப்பதால், 1940இல் இன்ன ஆபத்தை இன்னார் இப்படிக் கண்டு சொன்னார் என்று இன்று சாட்சி சொல்ல முடிகிறது. அம்மாயியின் பாட்டை ‘நாட்டார் பாடல்’ என்று ஒரு தலைப்பின் கீழே போட்டுவிட்டு நகர்கிறோம். கட்டியவரின் பெயர், கட்டிய தோட்டம், கட்டிய சந்தர்ப்பம் எல்லாம் உதிர்ந்துவிட்டன. துரையின் செக்ரோலில் சம்பளத்துக்காகப் பதிந்த பெயர்களுக்கு ஏடு இருந்தது. பாட்டுக்காகப் பதிவதற்கு ஏடு இருக்கவில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2003இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இங்கே நாடற்றவர் என்ற நிலை பெரும்பாலும் முடிந்தது. 2018 அக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடி ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டார்கள். தங்களுக்காகத் தாங்களே கேட்டார்கள். தப்பைக் கௌரவமான கலையாக மேடையேற்றும் குழுக்களும் மலையகத்தில் இருக்கின்றன. மீனாட்சியம்மையின் கோரிக்கையும் அம்மாயியின் தாளமும் ஒரே பாட்டில் சேரும் காலம் வந்துவிட்டது என்று நம்புகிறேன்.

எஞ்சியிருப்பது அவசரமான ஒரு வேலை. மலையில் பிறந்து இந்த மன்னார்ப் பெருநிலத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் முதல் தலைமுறை இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறது. உயிலங்குளம், முருங்கன், மடு வீதி ஓரத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் கையில் இருக்கும் தொலைபேசி இதற்குப் போதும். பாட்டியை உட்கார வைக்காதீர்கள். புடைக்கட்டும், நடட்டும், தொட்டில் ஆட்டட்டும். அவர் சம்மதத்தோடு பதியுங்கள். பாட்டுக்கு மேலே நான்கு விவரம் எழுதுங்கள்: பாடியவர் பெயர், பிறந்த தோட்டம், யாரிடம் கேட்டார், பதிந்த திகதி. நான் சந்தித்த பாட்டி தம் பெயரை அச்சில் போட வேண்டாம் என்றதால் இங்கே எழுதவில்லை. குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். அம்மாயியின் பெயரைத் தெரிந்த உறவினர் ஒருவர் பூண்டுலோயாப் பக்கம் இருக்கிறாராம். அடுத்த மாதம் போய்க் கேட்கப் போகிறேன்.